மூன்று கைதுகள், ஒரு வழக்கு: மாண்ட்கோமரி 1955

அமெரிக்காவின் அலபாமா மாநிலத் தலைநகரான மாண்ட்கோமரியில், நகரப் பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்த கறுப்பினப் பெண்கள் 1955ஆம் ஆண்டில் ஒருவர்பின் ஒருவராகக் கைதாயினர். மார்ச் 2 அன்று 15 வயதுப் பள்ளி மாணவி கிளாடெட் கோல்வின், அக்டோபர் 21 அன்று 18 வயது மேரி லூயிஸ் ஸ்மித், டிசம்பர் 1 அன்று 42 வயது ரோசா பார்க்ஸ். மூவர் செய்ததும் ஒரே செயல்தான். ஆனால் ஊர்த் தலைவர்கள் முதல் இருவரின் வழக்குகளையும் தள்ளி வைத்துவிட்டு மூன்றாமவரின் வழக்கைக் கையில் எடுத்தார்கள். அதன்பின் 381 நாட்கள் அவ்வூரின் கறுப்பின மக்கள் பேருந்தில் ஏறவில்லை. எந்த அடிப்படையில் ஒருவரை எடுத்து மற்ற இருவரை விட்டார்கள், அந்த முடிவு எந்த அளவுக்குச் சரி என்பதை ஒப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதில் எனக்கு ஒரு தனிப்பட்ட கடனும் உண்டு. மாணவர்களுக்கு இந்த வரலாற்றைச் சொன்னபோதெல்லாம், நாள் முழுதும் தைத்துக் களைத்துப்போன ஒரு பெண் எழுந்திருக்க மறுத்ததாகவும், அதைக் கண்டு ஊரே பொங்கி எழுந்ததாகவும் நானும் பல ஆண்டுகள் சொல்லி வந்திருக்கிறேன். பின்னர் வாசிக்க வாசிக்க, அந்தச் சித்திரத்தில் ரோசா பார்க்ஸும் குறைபட்டுப் போகிறார், அவருக்கு முன் கைதானவர்களும் காணாமல் போகிறார்கள் என்பது புலப்பட்டது.

முதலில் அந்தப் பேருந்துக்குள் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். வண்டியில் 36 இருக்கைகள். முன்பக்கத்து 10 இருக்கைகள் வெள்ளையருக்கு மட்டுமே உரியவை. ஒரு வெள்ளையரும் ஏறாமல் அவை காலியாகவே ஓடினாலும், நிற்கும் கறுப்பினத்தவர் அவற்றில் உட்காரக் கூடாது. நடுப்பகுதியில் கறுப்பினத்தவர் உட்காரலாம், ஆனால் முன்வரிசைகள் நிரம்பி ஒரு வெள்ளையர் நிற்க நேர்ந்தால், அந்த ஒருவருக்காக வரிசையில் இருக்கும் அத்தனை கறுப்பினத்தவரும் எழுந்துவிட வேண்டும். அடுத்தடுத்த இருக்கையில் அமர்வதே சமத்துவம் ஆகிவிடும் என்பது அங்கிருந்த எண்ணம். கறுப்பினத்தவர் முன்படியில் ஏறிக் காசைக் கொடுத்துவிட்டு, இறங்கிப் போய்ப் பின்வாசல் வழியாக ஏற வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதும் வழக்கம். இறங்கியவர் பின்வாசலை அடைவதற்குள் வண்டியைக் கிளப்பிவிடும் ஓட்டுநர்களும் இருந்தார்கள். இத்தனைக்கும், பயணிகளில் நான்கில் மூன்று பங்கினர் கறுப்பினத்தவர். அவர்களுடைய காசில்தான் அந்த நிறுவனம் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த விவரத்தை நகர மேயருக்கு எழுத்தில் எடுத்துரைத்தவர் ஜோ ஆன் ராபின்சன். அலபாமா மாநிலக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த இவர், பெண்கள் அரசியல் மன்றத்தின் தலைவர். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த நான்காம் நாள், 1954 மே 21 அன்று, ‘நடத்தை மாறாவிட்டால் பேருந்துகளைப் புறக்கணிக்க அமைப்புகள் ஆலோசித்து வருகின்றன’ என்று மேயருக்கு அவர் கடிதம் எழுதினார். ஆகவே புறக்கணிப்பு என்ற எண்ணம் ரோசா பார்க்ஸ் கைதாவதற்குப் பதினெட்டு மாதங்களுக்கு முன்பே அவ்வூரில் இருந்தது. அதைத் தொடங்குவதற்கு ஏற்ற ஒரு நிகழ்வையும் ஒரு மனிதரையும் அவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

தேடியவர்களில் முதன்மையானவர் இ. டி. நிக்சன். ரயில் தூங்கும் பெட்டிகளில் பணியாளராக உழைத்துத் தொழிற்சங்கத்தில் வளர்ந்தவர், என்.ஏ.ஏ.சி.பி. என்ற தேசிய உரிமை அமைப்பின் மாண்ட்கோமரிக் கிளைக்குத் தலைமை வகித்தவர். வழக்கறிஞர் ஃபிரெட் கிரே தொழிலுக்கு வந்தே ஓராண்டு ஆகாத இருபத்து நான்கு வயது இளைஞர். இவர்கள் மனத்தில் இருந்த அளவுகோல்கள் மூன்று என்று நான் வகுத்துக்கொள்கிறேன். குற்றச்சாட்டு நிறப் பிரிவினைச் சட்டத்தை நேரடியாகத் தொட வேண்டும். மிரட்டல், விசாரணை, பத்திரிகைப் பேச்சு எல்லாவற்றையும் அந்த மனிதர் தாங்க வேண்டும். ஊரில் பல திருச்சபைகளாகவும் வர்க்கங்களாகவும் பிரிந்து கிடந்தவர்கள் அனைவரும் அவருக்காகத் தெருவில் இறங்கச் சம்மதிக்க வேண்டும். முதல் இரண்டும் நியாயமானவை. மூன்றாவதுதான் சிக்கலானது, ஏனெனில் ‘ஊர் யாரை ஏற்கும்’ என்ற கேள்விக்குள் ஊரின் சொந்தப் பாகுபாடுகளும் சத்தமில்லாமல் புகுந்துவிடும்.

கிளாடெட் கோல்வின் வழக்கில் துணிவுக்குக் குறைவே இல்லை. பள்ளி முடிந்து தோழியருடன் வந்தவரை ஓட்டுநர் எழச் சொன்னார். வரிசையில் இருந்த மற்ற மூன்று பெண்களும் பின்னால் போனார்கள். சன்னலோரத்தில் இருந்த கிளாடெட் நகரவில்லை. காசு கொடுத்துவிட்டேன், உட்கார்வது அரசியல் சாசனம் தந்த உரிமை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதற்கு முந்தைய மாதம் முழுதும் பள்ளியில் கறுப்பின வரலாறு படித்திருந்தார். அடிமைகளைத் தப்புவித்த ஹாரியட் டப்மனின் கை ஒரு தோளிலும், அடிமை முறைக்கு எதிராகப் பேசிய சோஜர்னர் ட்ரூத்தின் கை மறு தோளிலும் இருந்து தன்னை அழுத்தி உட்கார வைத்ததுபோல் உணர்ந்ததாகப் பிற்காலத்தில் சொன்னார். காவலர்கள் இருவர் கைகளைப் பற்றி இழுத்தபோது மடியில் இருந்த பாடப் புத்தகங்கள் சிதறின. விலங்கு மாட்டி, சிறார் காப்பகத்துக்கு அல்லாமல் பெரியவர்களின் சிறைக்கு அவரைக் கொண்டு சென்றார்கள். கதவு பூட்டப்பட்ட அறைக்குள் விவிலியத்தின் இருபத்து மூன்றாம் சங்கீதத்தைச் சொல்லிக்கொண்டிருந்த அந்தப் பதினைந்து வயதுப் பெண்ணை, தாயும் சபைப் போதகரும் வந்து மீட்டுச் சென்றார்கள்.

அவர் மீது சுமத்தப்பட்டவை மூன்று குற்றங்கள்: அமைதியைக் குலைத்தது, பிரிவினைச் சட்டத்தை மீறியது, காவலரைத் தாக்கியது. ஃபிரெட் கிரே வாதாடினார். மூன்றிலும் குற்றவாளி என்று சிறார் நீதிமன்றம் சொன்னது. மே மாதம் மேல்முறையீட்டில் நீதிபதி முதல் இரண்டையும் விலக்கிவிட்டு, காவலரைத் தாக்கிய குற்றத்தை மட்டும் நிலைநிறுத்தினார். கருணைபோல் தோற்றம் தரும் இந்தத் தீர்ப்புதான் வழக்கின் கழுத்தை நெரித்தது. பிரிவினைச் சட்டத்தை மீறியதாகத் தண்டனையே இல்லாதபோது, அந்தச் சட்டம் செல்லாது என்று மேல் நீதிமன்றத்தில் எப்படி வாதாட முடியும்? மிஞ்சியது ஒரு சிறுமி காவலர்களைத் தாக்கினாள் என்ற அவதூறு மட்டுமே. குற்றவியல் மேல்முறையீடு என்ற பாதையில் போவதாக இருந்தால், இவ்வழக்கு உதவாது என்று தலைவர்கள் கருதியது சட்டப்படி சரியான கணிப்பே.

ஆனால் அவர்கள் தயங்கியதற்குச் சட்டம் மட்டுமே காரணம் அல்ல. கிளாடெட்டின் குடும்பம் கிங் ஹில் என்ற ஏழைக் குடியிருப்பில் வாழ்ந்தது. தாய் வீட்டு வேலை செய்தார், தந்தை புல்வெளி வெட்டினார். தன் கருமையான நிறமும், வாழ்ந்த இடமும் தலைவர்களின் கண்களில் குறைகளாகத் தெரிந்தன என்று கிளாடெட்டே பின்னாளில் பலமுறை கூறியிருக்கிறார். இதை மறுக்க எனக்கு ஒரு சான்றும் தென்படவில்லை. நிறத்துக்கு எதிரான போராட்டம் தன் வீட்டுக்குள்ளேயே நிறத்தின் நுண்ணிய படிநிலைகளைச் சுமந்துகொண்டிருந்தது வேதனையான உண்மை.

திருமணம் ஆகாமல் கருவுற்றதால்தான் அவரை விலக்கினார்கள் என்ற விளக்கம் பரவலாகச் சொல்லப்படுகிறது. நாள்வரிசையைப் பார்த்தால் இது பொருந்தவில்லை. தலைவர்கள் இந்த வழக்கை முன்னிறுத்துவதில்லை என்று முடிவெடுத்தது வசந்த காலத்தில். அவர் கருவுற்றது அதற்குப் பிறகு. குழந்தை பிறந்தது 1956 மார்ச் மாதத்தில். இருந்தும் இந்த விளக்கம் நிலைத்துவிட்டதற்குக் காரணம், பழியை முடிவெடுத்தவர்களிடமிருந்து அந்தப் பெண்ணிடம் அது நகர்த்திவிடுகிறது என்பதே. பள்ளிக்கூட மேடையில் இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் இந்த ஒரு வாக்கியத்தையாவது கைவிட வேண்டும் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

வயதைப் பற்றிய தயக்கத்தை மட்டும் என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. வெடிகுண்டுகள் வீசப்படும் ஊரில் பதினைந்து வயதுப் பிள்ளையை அடையாளமாக நிறுத்துவதற்கு எந்தப் பொறுப்புள்ள பெரியவரும் யோசிப்பார்.

மேரி லூயிஸ் ஸ்மித்தின் வழக்கைப் பற்றி நீளமாகச் சொல்ல ஏதுமில்லை, ஏனெனில் அது பெரிய அளவில் பரிசீலிக்கப்படவே இல்லை. வீட்டு வேலை செய்துவந்த அவர் கைதானார், தந்தை அபராதத்தைக் கட்டி அழைத்துச் சென்றார். ஊரில் பலருக்கு விஷயம் எட்டவும் இல்லை. தந்தை குடிகாரர் என்ற பேச்சு பின்னர் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. குடும்பத்தினர் அதை உறுதியாக மறுத்தார்கள். விசாரித்துப் பார்க்காத ஒரு வதந்தி ஒரு பெண்ணை வரலாற்றின் ஓரத்துக்குத் தள்ளப் போதுமானதாக இருந்தது என்றால், அந்த மூன்றாவது அளவுகோல் எவ்வளவு ஆபத்தானது என்பது விளங்கும்.

இனி ரோசா பார்க்ஸ். மாண்ட்கோமரி ஃபேர் என்ற பல்பொருள் அங்காடியில் உடைகளைத் திருத்தித் தைக்கும் வேலை அவருக்கு. ஆனால் அவர் வெறும் தையல்காரர் அல்லர். 1943 முதல் என்.ஏ.ஏ.சி.பி. கிளையின் செயலாளர், 1944இல் அபிவில் என்ற ஊரில் ரீசி டெய்லர் என்ற கறுப்பினப் பெண் வெள்ளையர் கும்பலால் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானபோது, நேரில் போய் விசாரித்து வந்தவர், 1955 கோடையில் டென்னசி மாநிலத்தின் ஹைலேண்டர் பள்ளியில் போராட்டப் பயிற்சி பெற்றவர். அமைப்பின் இளைஞர் குழுவை வழிநடத்திய அவர், கிளாடெட்டின் வழக்குச் செலவுக்குப் பணம் திரட்டியவர்களில் ஒருவர். அந்தப் பெண்ணைத் தன் குழுவுக்குள் அழைத்துக்கொண்டவர். அவரை எழச் சொன்ன ஓட்டுநர் ஜேம்ஸ் பிளேக், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு பின்வாசல் விவகாரத்தில் அவரை வண்டியிலிருந்து இறக்கிவிட்ட அதே மனிதர்.

வழக்கு என்ற அளவில் பார்த்தால், அவர் மீது பிரிவினை விதியை மீறிய குற்றம் மட்டுமே இருந்தது. கூச்சல் இல்லை, தள்ளுமுள்ளு இல்லை. வேறு பெயரில் தண்டிக்க இடமே இல்லை. ஊர் என்ற அளவில் பார்த்தால், திருச்சபையில் மதிக்கப்படுபவர், உழைப்பாளர்களுக்கு உழைப்பாளர், படித்தவர்களுக்குப் படித்தவர். அன்றிரவு நிக்சனும், வெள்ளையின வழக்கறிஞர் கிளிஃபோர்ட் டர்ரும் அவர் மனைவி வர்ஜீனியாவும் போய்ப் பிணையில் எடுத்து வந்தார்கள். வழக்கை முன்னெடுக்கலாமா என்று கேட்டபோது கணவர் ரேமண்ட் பார்க்ஸ் அஞ்சினார். வெள்ளையர்கள் உன்னைக் கொன்றுவிடுவார்கள் என்று மன்றாடினார். அந்த அச்சத்தை நன்கு அறிந்தே ரோசா சம்மதித்தார்.

அந்தச் சம்மதம் கிடைத்த இரவில்தான் ஜோ ஆன் ராபின்சன் கல்லூரிக்கு விரைந்தார். வணிகவியல் துறைத் தலைவர் ஒருவரும் இரண்டு மாணவர்களும் துணைநிற்க, ஒரு தாளில் மூன்று அறிவிப்புகள் வருமாறு ஸ்டென்சில் வெட்டி, விடியும்வரை சைக்ளோஸ்டைல் எந்திரத்தைச் சுற்றி, பல்லாயிரம் துண்டறிக்கைகளை நறுக்கிக் கட்டுக் கட்டாகக் கட்டினார்கள். காலை எட்டு மணி வகுப்பை எடுத்து முடித்துவிட்டு அவர் மாணவர்களுடன் காரில் கிளம்பிப் பள்ளிகள், கடைகள், முடிதிருத்தகங்கள் எங்கும் அவற்றைச் சேர்த்தார். அந்த அறிக்கை தொடங்கியதே ‘மேலும் ஒரு கறுப்பினப் பெண் கைதாகியிருக்கிறார்’ என்ற பொருளில்தான். கிளாடெட் கோல்வின் நிகழ்வுக்குப் பிறகு இது இரண்டாவது முறை என்று அதில் அச்சாகியிருந்தது. தள்ளி வைக்கப்பட்ட வழக்கு மக்கள் மனத்தில் தங்கியிருந்ததை ராபின்சன் அறிந்திருந்தார். மார்ச்சில் கூடாத கூட்டம் டிசம்பரில் கூடியதற்கு ரோசாவின் மதிப்பு ஒரு காரணம் என்றால், இடைப்பட்ட ஒன்பது மாதங்களில் சேர்ந்த அவமானம் இன்னொரு காரணம்.

டிசம்பர் 5 திங்கட்கிழமை ரோசாவுக்கு 10 டாலர் அபராதமும் 4 டாலர் நீதிமன்றச் செலவும் விதித்தார்கள். அன்று பேருந்துகள் காலியாக ஓடின. மாலையில் ஹோல்ட் தெரு பாப்திஸ்து ஆலயத்தில் கூடிய மக்கள் போராட்டத்தைத் தொடர முடிவு செய்தார்கள்; புதிதாக அமைந்த சங்கத்துக்கு 26 வயதுப் போதகர் மார்ட்டின் லூதர் கிங் தலைவரானார்.

இங்கே இரண்டாவது முடிவு ஒன்று காத்திருந்தது. என் கணிப்பில் இதுதான் முதல் முடிவைவிட முக்கியமானது. அவர்கள் முன் இருந்த பாதைகள் மூன்று. ரோசாவின் தண்டனையை எதிர்த்து மாநில நீதிமன்றங்களில் மேல்முறையீடு செய்துகொண்டே போவது ஒன்று. புறக்கணிப்பால் பேருந்து நிறுவனத்தைப் பணிய வைப்பது மற்றொன்று. பிரிவினைச் சட்டமே அரசியல் சாசனத்துக்கு முரண் என்று கூட்டாட்சி நீதிமன்றத்தில் உரிமையியல் வழக்குத் தொடுப்பது மூன்றாவது.

முதல் பாதையில் பொறுமையைத் தவிர எதுவும் கிடைத்திருக்காது. மாநில நீதிமன்றங்கள் நினைத்தால் ஆண்டுக்கணக்கில் இழுக்கலாம், நடைமுறைக் குறையைக் காட்டித் தள்ளிவிடலாம். ரோசாவின் மேல்முறையீட்டால் பேருந்துச் சட்டம் கடைசிவரை அசையவில்லை.

புறக்கணிப்பின் ஆற்றலை எவ்வளவு சொன்னாலும் தகும். லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில் 1953 ஜூன் மாதம் நடந்த புறக்கணிப்பு ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே நீடித்து, முன்னிருக்கைகள் சில வெள்ளையருக்கே என்ற சமரசத்தில் முடிந்திருந்தது. ஆனால் கார்களைப் பகிர்ந்து ஓட்டும் முறையை அவர்களிடமிருந்தே மாண்ட்கோமரி கற்றுக்கொண்டது. வாடகைக் கார்காரர்கள் பேருந்துக் கட்டணமான 10 சென்டுக்கே ஆட்களை ஏற்றினார்கள். குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்ட் என்று நகராட்சி கட்டாயப்படுத்தியதும், ஏறக்குறைய 300 தனியார் கார்கள் களத்தில் இறங்கின. ஜார்ஜியா கில்மோர் என்ற சமையற்காரர் பெண்களைச் சேர்த்து, பொரித்த கோழியும் கேக்கும் செய்து விற்றுக் கூட்டந்தோறும் பணம் கொண்டுவந்து கொடுத்தார். எங்கிருந்து வந்த பணம் என்று யாராவது கேட்டால் ‘எங்கிருந்தும் இல்லை’ என்று சொல்வதற்காகவே அந்தக் குழுவுக்கு ‘எங்கிருந்தும் வராதோர் சங்கம்’ என்று பொருள்படும் பெயர் வைத்திருந்தார்கள். வெள்ளையர் வீடுகளில் வேலை செய்த பெண்களின் பிழைப்பை அந்தப் பெயர் காத்தது. நூறு பேருரைகளுக்கு மேலான மதிப்பு அந்தச் சமையலறைகளுக்கு உண்டு என்பது என் எண்ணம்.

ஆனாலும் புறக்கணிப்பு மட்டும் வென்றிருக்குமா என்பது ஐயமே. தொடக்கத்தில் அவர்கள் கேட்டது பிரிவினை ஒழிப்பைக்கூட அல்ல. மரியாதையான நடத்தை, முதலில் வந்தவர்க்கு முதலிடம் என்ற முறையில் கறுப்பினத்தவர் பின்னிருந்தும் வெள்ளையர் முன்னிருந்தும் அமர்வது, கறுப்பினப் பகுதிகளில் கறுப்பின ஓட்டுநர்கள், இவ்வளவுதான். அதையும் நகராட்சி மறுத்தது. 1956 ஜனவரி 30 அன்று மனைவியும் கைக்குழந்தையும் உள்ளே இருக்கும்போது கிங்கின் வீட்டில் குண்டு வெடித்தது. இரண்டு நாள் கழித்து நிக்சனின் வீட்டில். பிப்ரவரியில் 1921ஆம் ஆண்டின் புறக்கணிப்புத் தடைச் சட்டத்தைத் தூசு தட்டி எடுத்து 89 பேர் மீது வழக்குப் பதிந்தார்கள். நவம்பர் 13 அன்று கார் பகிர்வையே தடை செய்யும் மனு மாநில நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது; தடை ஆணையும் அன்றே பிறந்தது. வேறு துணை இல்லாதிருந்தால், அந்த ஆணையோடு குளிர்காலத்தில் அந்த மக்கள் நடந்தே வேலைக்குப் போக வேண்டியிருந்திருக்கும்.

துணை இருந்தது. பிப்ரவரி 1 அன்றே ஃபிரெட் கிரே கூட்டாட்சி நீதிமன்றத்தில் மூன்றாவது பாதையைத் திறந்திருந்தார். மாநிலச் சட்டத்தின் செல்லுபடியையே கேள்வி கேட்டதால் வழக்கை மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு கேட்டது. அங்கிருந்து மேல்முறையீடு நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போகும். அலபாமா நீதிமன்றங்களின் கைகளில் வழக்கு சிக்காது. தன்மீதுள்ள தண்டனையிலிருந்து தப்பிக்கவே ரோசா கூட்டாட்சி நீதிமன்றத்தை நாடுகிறார் என்று எதிர்த்தரப்பு திசைதிருப்பக் கூடாது என்பதற்காக, கிரே அவரை மனுதாரர் ஆக்கவில்லை. மனுதாரர்கள் ஆரேலியா பிரௌடர், எழுபதைத் தாண்டிய சூசி மெக்டொனால்ட், மேரி லூயிஸ் ஸ்மித், கிளாடெட் கோல்வின், இவர்களுடன் இன்னொரு பெண்.

ஒப்பீடு தலைகீழாவதை இங்கே கவனிக்க வேண்டும். டிசம்பரில் ரோசாவைத் தகுதியாக்கிய அந்தத் தெளிவான குற்றவியல் வழக்கு, பிப்ரவரியில் அவரை வெளியே நிறுத்தியது. மே மாதத்தில் கிளாடெட்டைத் தகுதியற்றவர் ஆக்கிய அந்தத் ‘தாக்குதல்’ குற்றம், உரிமையியல் வழக்கில் ஒரு தடையாகவே இல்லை; அந்தச் சட்டத்தின்கீழ் தான் நடத்தப்பட்ட விதத்தை ஒருவர் சாட்சி சொன்னால் அங்கே போதும். அப்படியானால் தகுதி என்பது அந்தப் பெண்களிடம் இருந்த குணம் அல்ல, தேர்ந்தெடுத்த பாதையைப் பொறுத்தது. கிளாடெட்டின் வழக்கைக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற விருப்பம் 1955 வசந்தத்திலேயே ஃபிரெட் கிரேக்கு இருந்தது. தலைவர்கள் அதற்கு ஆயத்தமாக இல்லை. மார்ச்சில் தெருவுக்கு அவரை அழைக்காதது மன்னிக்கத்தக்க முடிவு. நீதிமன்றத்துக்கும் அவர் உதவமாட்டார் என்று சேர்த்து முடிவுகட்டியது பிழை.

அழுத்தத்தைத் தாங்குவாரா என்ற அச்சம் வெறும் கற்பனை அல்ல என்பதும் உண்மை. ஐந்தாவது மனுதாரர் மிரட்டலால் ஓரிரு நாளிலேயே விலகினார். அதைச் சாக்காக வைத்து, சம்மதம் இல்லாமல் வழக்குத் தொடுத்ததாகக் கிரே மீதே குற்றம் சுமத்தினார்கள். ஆனால் உடைந்துபோவார் என்று எண்ணப்பட்ட சிறுமி உடையவில்லை. மே 11 அன்று, பிரசவமாகி இரண்டு மாதம்கூட நிறையாத நிலையில், கிளாடெட் கூண்டில் ஏறினார். கிங்கின் தூண்டுதலால்தான் எல்லாம் நடந்தது என்று சொல்ல வைப்பதற்காக, உங்களுக்குத் தலைவர் யார் என்று நகராட்சியின் வழக்கறிஞர் கேட்டார். எங்கள் தலைவர்கள் நாங்களேதான் என்று அவர் பதில் சொன்னார்.

ஜூன் 5 அன்று இருவருக்கு ஒருவர் என்ற கணக்கில் அமர்வு பேருந்துப் பிரிவினையைச் செல்லாததாக்கியது. கார் பகிர்வுக்கு எதிரான மனுவின் விசாரணைக்காகக் கிங் நீதிமன்றத்தில் அமர்ந்திருந்த அதே நவம்பர் 13 அன்று, உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்த செய்தி அவர் கைக்கு வந்தது. ஆணை ஊர் வந்து சேர்ந்தது டிசம்பர் 20. அதுவரை மக்கள் பேருந்தில் ஏறவில்லை. தீர்ப்பு மட்டும் இருந்து மக்கள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அதே அலபாமாவின் பள்ளிகள் சாட்சி. 1954இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை அவை ஆண்டுக்கணக்கில் நிறைவேற்றவில்லை. ஆகவே புறக்கணிப்பா வழக்கா என்று கேட்டால், இரண்டையும் தனித்தனி முகங்களோடு ஒரே நேரத்தில் நடத்திய அந்த முடிவையே நான் சிறந்ததாகக் கொள்வேன்.

விலை கொடுத்தவர்களில் வேறுபாடு இல்லை. ரோசா 1956 ஜனவரியிலேயே வேலை இழந்தார். அடுத்த ஆண்டு ஊரைவிட்டே கிளம்பி டெட்ராய்டில் குடியேறினார். கிளாடெட் 1958இல் நியூயார்க் சென்று, முதியோர் காப்பகம் ஒன்றில் செவிலியர் உதவியாளராகப் பல்லாண்டுகள் உழைத்தார். 1955இல் அவருக்கு விதிக்கப்பட்ட நன்னடத்தைக் கண்காணிப்பு முடிந்துவிட்டது என்று யாரும் அவருக்குத் தெரிவிக்கவே இல்லை. 2021இல், தம் 82ஆவது வயதில், அந்தப் பதிவை அழிக்கும்படி மாண்ட்கோமரி சிறார் நீதிமன்றத்தில் அவர் மனு கொடுத்தார். காவலரைத் தாக்கியதாக எழுதிவைத்த அந்த ஒரு வரி அவ்வாண்டின் இறுதியில் அழிக்கப்பட்டது.